விற்பனை ஓய்ந்த மூன்று மாதம்: இலையுதிர் காலத்தில் ஒரு நாற்றுப் பண்ணை

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நாற்றங்கால் என்பது புதிய சொல் அல்ல. ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டியவர்களும், கறுப்புப் பாலித்தீன் பைகளில் செம்பனைக் கன்றுகளை வளர்த்துத் தண்ணீர் ஊற்றியவர்களும் நம் குடும்பங்களில் இன்றும் இருக்கிறார்கள். அந்த நாற்றங்கால்களுக்கு ஒரு வசதி இருந்தது. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வந்தன. கன்று வளர்வதை நிறுத்தியதே இல்லை.

ஆனால், ஆண்டில் பல மாதங்கள் செடி வளராமல் உறங்கிக் கிடக்கும் நாட்டில் செடி வளர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்கள் என்ன செய்வார்கள்? இலை உதிர்ந்ததும் பண்ணையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்களா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான இலையுதிர் காலத்தில் மொத்த வியாபார நாற்றுப் பண்ணைக்கு வரவு மிகக் குறைவு. ஆனால் அந்த ஆண்டின் லாபமும் நட்டமும் அப்போதுதான் தீர்மானமாகின்றன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாக விளங்கும்.

ஓரிகனில் ஏன் இத்தனை பண்ணைகள்?

அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் ஓரிகனில், போர்ட்லாந்து நகரிலிருந்து தெற்கே யூஜீன் நகர் வரை நீண்டு கிடக்கிறது வில்லாமெட் பள்ளத்தாக்கு. மேற்கே கடலோர மலைத்தொடர், கிழக்கே காஸ்கேட் மலைத்தொடர். நடுவே வளமான மண். கோடை வறண்டிருக்கும், அக்டோபர் வாக்கில் மழை தொடங்கும், குளிர்காலம் பெரும்பாலும் மிதமாகவே இருக்கும். செடி வளர்ப்புக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அந்த நாட்டில் அதிகம் இல்லை.

நாற்றுப் பண்ணைத் தொழில் அந்த மாநில விவசாயத்தின் முதன்மைத் துறை. அதன் ஆண்டு விற்பனை 100 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டும். ஜப்பானிய மேப்பிள், வேலிக்கு நடும் துஜா, பாக்ஸ்வுட், நிழல் மரங்கள், பழ மரக் கன்றுகள் என்று அங்கே வளர்பவற்றில் பெரும்பகுதி லோரிகளில் ஏறி மற்ற மாநிலங்களுக்குப் போகிறது.

மொத்த வியாபாரப் பண்ணை வீட்டுக்காரர்களுக்கு ஒன்றிரண்டு செடிகளை விற்பதில்லை. அதன் வாடிக்கையாளர்கள் செடிக்கடைகள், தோட்டம் அமைத்துக் கொடுக்கும் நிறுவனங்கள், நகராட்சிகள், வேறு பண்ணைகள். அவர்கள் வாங்குவது லோரிக் கணக்கில். வீட்டுத் தோட்டம் பசுமையாகத் தொடங்கும் வசந்த காலத்தில்தான் அவர்களுக்குச் சரக்கு வேண்டும். ஆகவே பண்ணைக்குப் பணம் வருவது பெரும்பாலும் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை. இலையுதிர் காலத்தில் செவ்வந்தி, பான்சி போன்ற பூச்செடிகளும் அப்போதே நடுவதற்கான சில மரங்களும் விற்கும் என்றாலும், அது பெரிய வரவு அல்ல.

செலவு மட்டும் நிற்பதில்லை. தொட்டி, மண் கலவை, உரம், தண்ணீர், ஆண்டு முழுவதற்குமான கூலி எல்லாம் அதற்குள் கொடுத்து முடிந்திருக்கும். வங்கிக் கடன் உச்சத்தில் நிற்கும். போட்ட பணம் முழுவதும் செடியாக மாறி வெட்டவெளியில் நிற்கிறது. அந்த நேரத்தில்தான் குளிர் வருகிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு கூடாரத்தில் 1,000 தொட்டிகள் இருக்கின்றன. எல்லாம் விற்றால் 900 தொட்டிகளின் பணம் செலவுக்குப் போய், 100 தொட்டிகளின் பணம் லாபமாக மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவுக் குளிரில் 100 செடிகள் செத்தால், பத்தில் ஒன்றுதானே என்று தோன்றும். உண்மையில் போனது அந்த ஆண்டின் லாபம் முழுவதும். 200 செடிகள் செத்தால் கடன்தான்.

செடிக்குத் தூக்கம் வரும் வழி

குளிரைத் தாங்க மரம் தன்னைத் தானே தயார் செய்துகொள்கிறது. அது ஒரே நாளில் நடப்பதில்லை. கோடை முடிந்து பகல் பொழுது குறையத் தொடங்கியதும் மரம் அதை உணர்கிறது. புதுத் தளிர் விடுவதை நிறுத்தி, அடுத்த ஆண்டுக்கான மொட்டை மூடி வைக்கிறது. இது முதல் படி. பிறகு குளிர் மெல்ல மெல்ல ஏறும்போது கிளையின் உயிரணுக்கள் உறைபனியைத் தாங்கும் வலிமையைப் பெறுகின்றன. இது இரண்டாம் படி. முதல் படி சரியாக நடக்காத செடிக்கு இரண்டாம் படி முழுமையாக வாய்ப்பதில்லை.

ஆகவே, இலையுதிர் காலத்தில் பண்ணைக்காரரின் முதல் வேலை எதையும் செய்வதல்ல. சிலவற்றைச் செய்யாமல் இருப்பது.

கோடைக் கடைசிக்குப் பிறகு கிளைகளைக் கத்தரிக்கக் கூடாது. கத்தரித்தால் புதுத் தளிர் வரும். அந்தத் தளிர் முற்றுவதற்கு நாள் இருக்காது. முதல் உறைபனியிலேயே கருகிப் போகும். தழைச்சத்து உரத்தையும் அளவோடு நிறுத்த வேண்டும். செடி இன்னும் கொஞ்சம் பெரிதானால் விலை கூடுமே என்ற ஆசையில் செப்டம்பரில் உரத்தை அள்ளிப் போட்டவர், வசந்தத்தில் நுனி காய்ந்த செடிகளைத் தள்ளுபடி விலைக்குக் கொடுக்க நேரிடும். தண்ணீரையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆனால் வேரைக் காய விடக் கூடாது. இந்த நிதானம்தான் கடினமானது.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது நம்மவர் பழமொழி. எப்போது தொடங்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் அதே அளவுக்கு முக்கியம் என்பதை ஓரிகன் பண்ணைக்காரர்கள் அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள்.

கிளை தாங்கும், வேர் தாங்காது

இனி வருவதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. மரத்தின் கிளை தாங்கும் குளிரை அதன் வேர் தாங்காது.

காட்டில் வளரும் மரத்துக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் பூமிக்குள் அந்த அளவுக்குக் குளிர் இறங்காது. மண்ணே வேருக்குப் போர்வை. தொட்டியில் வளரும் செடியின் நிலை வேறு. அதன் வேர் தரைக்கு மேலே, மெல்லிய பிளாஸ்டிக் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே உள்ள குளிர் சில மணி நேரத்தில் உள்ளே புகுந்துவிடும். அதுவும் புதிதாக வளர்ந்த இளம் வேர்கள் தொட்டியின் ஓரத்தை ஒட்டியே இருக்கும். குளிர் முதலில் தாக்கும் இடமும் அதுதான். முற்றிய வேரைவிட இளம் வேர் விரைவில் சாகும்.

வசந்தத்தில் பெரிய பெரிய பூப் பூக்கும் ஒரு கலப்பின மக்னோலியா மரம் உண்டு. அதன் கிளை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிய குளிரையும் தாங்கும். ஆனால் அதன் வேர் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 5 டிகிரியிலேயே செத்துவிடும். தரையில் படரும் ஜூனிப்பர் வகையின் வேரோ சுமார் 18 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே எந்தச் செடியை முதலில் கூடாரத்துக்குள் கொண்டு போவது, எதை வெளியே விடுவது என்பதை வேரின் பலத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதில் ஒரு கொடுமை உண்டு. வேர் செத்தது உடனே தெரியாது. டிசம்பரில் வேர் செத்தாலும் கிளை பச்சையாகவே இருக்கும். ஊசியிலைச் செடிகள் மாதக் கணக்கில் பசுமை மாறாமல் நிற்கும். மார்ச் மாதத்தில் வெயில் ஏறி, செடி தண்ணீர் கேட்கும்போதுதான் உண்மை வெளிப்படும். அதற்குள் அந்தச் செடி விற்கப்பட்டு, ஆயிரம் மைல் தாண்டி வாடிக்கையாளரின் கடைக்குப் போயிருக்கலாம். அப்போது பணம் மட்டுமல்ல, பெயரும் போய்விடும்.

கூடாரத்தை மூடும் நாள்

வேரைக் காக்கப் பண்ணைக்காரர் இரண்டு காரியங்களைச் செய்கிறார். முதலாவது, இடைவெளி விட்டு வைத்திருந்த தொட்டிகளை ஒன்றோடு ஒன்று நெருக்கி அடுக்குவது. நடுவே உள்ள தொட்டிகளை ஓரத்தில் உள்ளவை காக்கும். இரண்டாவது, இரும்புக் குழாய்களை வில்லாக வளைத்து அமைத்த நீண்ட கூடாரங்களின் மேல் பிளாஸ்டிக் உறையைப் போர்த்துவது.

கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் இது போன்ற பிளாஸ்டிக் கூரைகளை நம்மவர்கள் பார்த்திருப்பார்கள். அங்கே அது மழைக்காக. அதனால் உறை கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். ஓரிகனில் குளிர்காலக் காப்புக்குப் பயன்படுவது பால் போன்ற வெள்ளை உறை. தெளிவான உறையைப் போட்டால், வெயில் அடிக்கும் குளிர்கால நண்பகலில் உள்ளே சூடு ஏறிவிடும். வசந்தம் வந்துவிட்டதென்று செடி ஏமாந்து கண்விழிக்கும். அன்றிரவே உறைபனி விழுந்தால் அது தப்பாது. வெள்ளை உறையின் வேலை செடியைச் சூடாக்குவதல்ல. குளிரும் சூடும் சட்டென்று மாறாமல் பார்த்துக்கொள்வது.

எப்போது மூடுவது? சீக்கிரம் மூடினால் உள்ளே கதகதப்பு தங்கி, செடி குளிருக்குப் பழகும் இரண்டாம் படி தடைப்படும். தாமதித்தால் ஓர் இரவில் கதை முடியும். வில்லாமெட் பள்ளத்தாக்கின் குளிர்காலம் பெரும்பாலும் மிதமானது என்பதே இந்த முடிவை இன்னும் கடினமாக்குகிறது. சில ஆண்டுகளில் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகக் கிழக்கிலிருந்து கடுங்குளிர் காற்று திடீரென்று இறங்கும். அதனால் நவம்பர் முழுவதும் வானிலை அறிக்கையும் வெப்பமானியும் பண்ணைக்காரரின் கண்ணை விட்டு அகலுவதில்லை.

மூடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை பல. தொட்டிகளுக்கு நன்றாகத் தண்ணீர் காட்ட வேண்டும். ஈர மண் காய்ந்த மண்ணைவிட மெதுவாகத்தான் குளிரும். தண்ணீர் உறையும்போது வெளிவரும் வெப்பமும் வேருக்குச் சிறிது துணை. விழுந்த இலைகளைப் பெருக்கி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடிய கூடாரத்தின் ஈரத்தில் சாம்பல் பூஞ்சை பரவும். சுற்றிலும் புல்லை வெட்டி, எலிக்கு வழி இல்லாமல் செய்ய வேண்டும். வெளியே உணவு கிடைக்காத குளிரில், வயல் எலிக்கு அந்தக் கூடாரம் மாளிகை போன்றது. அது மரத்தின் அடிப்பட்டையைச் சுற்றிலும் கொறித்துவிட்டால் மரம் பிழைக்காது.

இத்தனையும் செய்த பிறகும் இயற்கை மிச்சம் வைக்கும். 2008 டிசம்பரில் கொட்டிய கடும் பனியின் பாரம் தாங்காமல் அந்தப் பள்ளத்தாக்கில் பல கூடாரங்கள் சரிந்து விழுந்தன. 2021 பிப்ரவரியில் பெய்த உறைமழை, விழுந்த இடத்திலெல்லாம் பனிக்கட்டியாக இறுகியபோதும் அதே நிலைதான். குழாய்களையும் முட்டுக்கொடுத்த கட்டைகளையும் இலையுதிர் காலத்திலேயே சோதித்துப் பார்த்தவர்களுக்குச் சேதம் குறையும். பனி கொட்டும் நள்ளிரவில் போய்ச் சோதிக்க முடியாது.

தோண்டி எடுக்கும் பருவம்

தொட்டிச் செடிகளை மூடிக்கொண்டிருக்கும் அதே வேளையில், நிலத்தில் வளர்ந்த மரங்களைத் தோண்டும் வேலையும் தொடங்குகிறது. இலை இருக்கும்போது மரத்தைப் பிடுங்கினால் அது வாடிச் சாகும். இலை உதிர்ந்து உறங்கும்போது எடுத்தால் அதற்கு அதிர்ச்சி குறைவு.

இதில் இரண்டு முறைகள் உண்டு. இளம் மரங்களை மண்ணை உதறிவிட்டு வெறும் வேரோடு எடுத்து, உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், ஈரப்பதம் நிறைந்த குளிர்ச் சேமிப்பறைகளில் அடுக்கி வைப்பார்கள். குளிர்காலக் கடைசியிலிருந்து அவை லோரி ஏறும். மண் இல்லாததால் ஒரே லோரியில் ஏராளமான மரங்களை ஏற்றலாம். ஆனால் வேர் ஒருமுறை காய்ந்தால் மரம் போச்சு. பெரிய மரங்களையும் ஊசியிலை மரங்களையும் வேரைச் சுற்றியுள்ள மண்ணோடு உருண்டையாகத் தோண்டி, சாக்கில் பொதிந்து கயிற்றால் கட்டுவார்கள். பெரிய உருண்டைகள் 100 கிலோவைத் தாண்டும்.

இந்த வேலை அக்டோபர் மழைக்குப் பிறகு, சேற்றில் நடக்கிறது. செய்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்கள். ஓரிகன் கிறிஸ்துமஸ் மரங்களுக்கும் பெயர் பெற்ற மாநிலம். நவம்பரில் அந்த மரங்களை வெட்டி ஹெலிகாப்டர் மூலம் தூக்கி லோரியில் ஏற்றுவார்கள். ஆகவே ஆளுக்கும் லோரிக்கும் ஒரே நேரத்தில் போட்டி.

பண்ணைத் தொழிலாளர்களுக்குக் கூடுதல் நேர ஊதியம் வழங்கும் சட்டத்தை ஓரிகன் 2022இல் இயற்றியது. வாரத்துக்கு 55 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி என்று 2023இல் அது நடைமுறைக்கு வந்தது. 2025இல் அந்த வரம்பு 48 மணியாகக் குறைந்தது. 2027 முதல் 40 மணி என்று சட்டம் சொல்கிறது. தொழிலாளிக்கு இது நெடுநாள் தாமதித்துக் கிடைத்த நியாயம். முதலாளிக்கு இலையுதிர் கால வேலைத் திட்டத்தை முழுமையாக மாற்றி எழுத வேண்டிய கட்டாயம். மழை வந்து ஒரு வாரம் வேலை நின்றால், அடுத்த வாரம் இரட்டிப்பு நேரம் வேலை வாங்கிச் சரிக்கட்டும் பழைய வழி இப்போது செலவு மிகுந்ததாகிவிட்டது.

எண்ணிப் பார்க்கும் வேலை

மழைக்கு நடுவே இன்னொரு வேலையும் நடக்கிறது. கையில் தாளும் அளவுகோலும் கொண்டு ஒவ்வொரு வரிசையாகச் செடிகளை எண்ணுவது. வசந்தத்தில் விற்கத் தகுதியானவை எத்தனை? இன்னும் ஓராண்டு வளர வேண்டியவை எத்தனை? எறிய வேண்டியவை எத்தனை?

மூன்றாவது கேள்விதான் மனத்தை வருத்தும். மூன்று ஆண்டுகள் வளர்த்த செடியை எறிய யாருக்கும் மனம் வராது. ஆனால் கூடாரத்துக்குள் ஒவ்வோர் அடி இடத்துக்கும் விலை உண்டு. விற்காத செடிக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டு, விற்கும் செடியைக் குளிரில் விட முடியாது.

எண்ணிக்கை தவறினால் வாக்கும் தவறும். போர்ட்லாந்தில் ஆகஸ்ட் மாதம் நடைபெறும் ஃபார்வெஸ்ட் வர்த்தகக் கண்காட்சியிலிருந்து வசந்த காலத்துக்கான பேரம் சூடு பிடிக்கும். இலையுதிர் காலத்தில் கடைக்காரர்கள் முன்பதிவு செய்வார்கள். குளிரில் சிலது சாகும் என்பதைக் கணக்கில் வைத்துக் குறைத்து ஒப்புக்கொள்பவர் மார்ச்சில் தலைநிமிர்ந்து நிற்பார். இருப்பதையெல்லாம் விற்றுவிட்டவர் பதில் சொல்ல முடியாமல் தவிப்பார்.

நோய்ச் சோதனையும் உண்டு. ஓக் மரங்களைத் திடீரென்று சாகடிக்கும் ஒரு நுண்ணுயிர் நோய் 2001இல் ஓரிகன் காடுகளில் கண்டறியப்பட்டது. ரோடோடென்ட்ரான், கமேலியா போன்ற பண்ணைச் செடிகளிலும் அது தங்கும். ஆகவே அதிகாரிகளின் சோதனையும் சான்றிதழும் இல்லாமல் சில செடிகளை மாநில எல்லை தாண்டி அனுப்ப முடியாது. இலையுதிர் கால மழை ஈரத்தில் தொட்டிகளுக்கடியில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது செடிக்கு மட்டுமல்ல, அந்தச் சான்றிதழுக்கும் பாதுகாப்பு.

ஐந்தாண்டுக்கு அப்பால் பார்ப்பது

அடுத்த தலைமுறைச் செடிக்கும் இப்போதே வித்திட வேண்டும். ஜப்பானிய மேப்பிள் போன்ற மரங்களின் விதை மாதக் கணக்கில் ஈரக் குளிரில் கிடந்தால்தான் முளைக்கும். அதனால் இலையுதிர் காலத்திலேயே விதைத்து, குளிர்காலத்தையே அந்த வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். ஊசியிலைச் செடிகளின் கிளை நுனிகளை நறுக்கி, அடியில் சூடேற்றிய மேடைகளில் ஊன்றி வேர் பிடிக்க வைப்பதும் இந்தக் காலத்தில்தான் தொடங்கும்.

இன்று ஊன்றும் குச்சி விற்பனைக்கு வர மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். அப்போது நாடு எப்படி இருக்கும்? 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வீடுகள் மளமளவென்று எழுந்தன. வீட்டுக்கு வீடு மரம் வேண்டும் என்று நம்பிப் பண்ணைகள் தாராளமாக நட்டன. 2008 நிதி நெருக்கடியில் வீடு கட்டுவது நின்றது. விற்கத் தயாராக நின்ற மரங்களை வாங்க ஆள் இல்லை. பிடுங்கிக் குவித்து எரித்தவர்கள் உண்டு. தொழிலையே மூடியவர்கள் உண்டு. அந்த அச்சத்தில் எல்லாரும் நடுவதைக் குறைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து வீடுகள் மீண்டும் எழுந்தபோது மரத்துக்குப் பஞ்சம். தாங்கி நின்று, அந்த மோசமான காலத்திலும் அளவோடு நட்டு வந்தவர்களிடம்தான் அப்போது விற்கச் சரக்கு இருந்தது.

நம் நாட்டில் இலையுதிர் காலம் இல்லை. ஆனால் செடிப் பண்ணை நடத்தும் நம் இளைஞர்களுக்கும் ஒரு சோதனைப் பருவம் உண்டு. ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது விற்பனை மந்தமாகும். பாலித்தீன் பைக்குள் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். அதைக் கடந்த சில வாரங்களிலேயே சீனப் புத்தாண்டு வரும். பூச்செடிகளையும் கிச்சிலி மரங்களையும் மக்கள் தேடி வந்து வாங்குவார்கள். அந்த நாளில் செழித்து நிற்கும் செடி, மழை நாளில் யாரோ ஒருவர் பையைச் சாய்த்துத் தண்ணீரை வடித்து, அடித்துளையை அடைக்காமல் பார்த்துக்கொண்ட செடிதான்.

வாங்க வருபவரின் கண் இலையைப் பார்க்கும். வளர்ப்பவரின் கண், ஓரிகனானாலும் ஜொகூரானாலும், வேரை விட்டு விலகக் கூடாது.